கறிவேப்பிலை கருகியதற்கும் உங்கள் மகளுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: கரூர் பக்கத்தில் கணவரின் பூர்வீக வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். பின்னால் பெரிய புளியமரம் நிற்கிறது. காத்து கருப்பு அண்டும், வெட்டிவிடுங்கள் என்று வாஸ்து பார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் முருங்கை நின்றால் குடும்பம் விளங்காது என்கிறார் மாமியார். இதற்கிடையில் கறிவேப்பிலைச் செடி மஞ்சளடித்து இலை கொட்டுகிறது. என் பெண் வயதுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அவள் தீட்டு நாளில் தொட்டதால்தான் செடி போனது என்று சொல்லி, அவளைப் புழக்கடைப் பக்கமே விடுவதில்லை. அவள் கையால் நட்ட செடி அது. பெரியவர்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் அறிவியல் காரணம் இருக்கும் என்று கணவரும் சொல்கிறார். எதை வெட்டுவது, எதை விடுவது? படங்கள் இணைத்திருக்கிறேன். — ஒரு வாசகி, கரூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

புளியமரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். அது இன்னும் நாலு நாள் காத்திருக்கும், ஒன்றும் ஆகாது. உங்கள் பெண்ணின் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

கறிவேப்பிலைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியிலிருக்கும் முற்றிய இலைகள் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கின்றன. வெளுத்திருப்பது நுனித் தளிர்தான். அதிலும் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது, நரம்புகளுக்கு நடுவில் இருக்கும் இடமெல்லாம் மஞ்சள். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்ப்பவர்கள் தினம் பார்க்கும் அடையாளம் இது: இரும்புச்சத்துப் பற்றாக்குறை. கரூர், திருப்பூர், கோவைப் பக்கம் சுண்ணாம்பு கலந்த மண் அதிகம். அந்த மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மண்ணில் காரத்தன்மை (புளிப்புக்கு, அதாவது அமிலத்துக்கு எதிரான குணம்) கூடுதலாக இருப்பதால் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. உங்கள் படத்தின் இடது மூலையில் வாஷிங் மெஷின் குழாய் செடியின் பாத்தியில் வந்து முடிவதும் தெரிகிறது. சோப்புத் தண்ணீர் அந்தக் காரத்தை இன்னும் கூட்டும். போதாக்குறைக்கு மார்கழி, தைக் குளிரில் கறிவேப்பிலை வளர்ச்சி மந்தமாகி இலையை உதிர்ப்பது எல்லா வருடமும் நடப்பதுதான். அந்தக் குழாயை எப்போது அங்கே திருப்பி விட்டீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

வைத்தியம் எளிது. முதலில் குழாயை வேறு பக்கம் மாற்றுங்கள். உரக்கடையில் அன்னபேதி உப்பு என்று கேட்டால் கிடைக்கும். பெரஸ் சல்பேட் என்று பையில் எழுதியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் போட்டு, அதோடு 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துக்கொள்ளுங்கள். சிட்ரிக் அமிலம் கிடைக்காவிட்டால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்தாலும் சரி. வெயில் தாழ்ந்தபிறகு இலையின் மேலும் கீழும் நனையத் தெளிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை செய்தால் போதும். அதுவரை அந்தச் செடியில் இலை பறிக்காதீர்கள். தெளிக்கும்போது இலையின் அடிப்பக்கம் செதில்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். மக்கிய சாணம் இரண்டு கூடை போட்டு, பாத்தியின் மேல் உலர்ந்த இலைதழையைப் பரப்புங்கள். புளித்த மோரைத் தண்ணீர் விட்டு விளாவிக் கறிவேப்பிலைக்கு ஊற்றும் வழக்கம் உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். அதைத் தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள். காரமான மண்ணுக்குப் புளிப்பு நல்லதுதான்.

இதையெல்லாம் செய்ய வேண்டிய ஆள் உங்கள் மகள். மாதத்தின் எல்லா நாளும் அவளே செய்யட்டும். பழைய இலை திரும்பப் பச்சையாகாது, புதிதாக வரும் கொழுந்தைப் பாருங்கள்.

தீட்டுப் பட்டால் செடி கருகும் என்பது நம் ஊர் மட்டும் கண்டுபிடித்த சங்கதி என்று நினைக்காதீர்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர் இதையே எழுதி வைத்திருக்கிறார். 1920இல் வியன்னாவில் பெலா ஷிக் என்ற குழந்தை மருத்துவர், மாதவிலக்கில் இருந்த ஒரு பெண் கையில் வாங்கிய பூக்கள் சீக்கிரம் வாடியதாகச் சொல்லி, பெண்ணுடம்பில் ஒருவகை நச்சு சுரக்கிறது என்றே எழுதினார். இவர் சாதாரண ஆள் இல்லை. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய்க்கான பரிசோதனை இவர் பெயரால்தான் வழங்குகிறது. அவர் சொன்ன அந்த நச்சை மற்றவர்கள் பல வருடம் தேடினார்கள். அப்படி ஒன்று இருப்பதாக யாராலும் நிலைநாட்ட முடியவில்லை. பெரிய டாக்டர் சொன்னாலும் தப்பு தப்புதான்.

ஆனால் வியன்னா வரை போக வேண்டியதே இல்லை. நிலக்கோட்டைப் பக்கம் விடிவதற்கு முன் மல்லிகைத் தோட்டத்தில் இறங்கி மொட்டுப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாதத்தில் மூன்று நாள் அவர்களுக்கு யார் விடுப்புக் கொடுக்கிறார்கள்? தொட்டால் கருகும் என்றால் மதுரைப் பூச்சந்தை என்றைக்கோ மூடியிருக்கும். காரமடைப் பக்கம் ஏக்கர் கணக்கில் கறிவேப்பிலை நிற்கிறது. அங்கேயும் அறுத்துக் கட்டுப் போடுவதில் பாதிக்குமேல் பெண் கைதான். நாற்று நடுவது, களை எடுப்பது, பருத்தி எடுப்பது, எதை எடுத்தாலும் இதே கதை. கூலிக்குத் தொடும்போது வராத தீட்டு வீட்டுச் செடியைத் தொடும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் மாமியாரிடம் கேட்காதீர்கள், சண்டை வரும். அவர் சின்ன வயதில் வயலில் இறங்கி வேலை பார்த்தவராக இருந்தால், நடவு நாட்களைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். அவரே அந்தக் கேள்வியில் வந்து நிற்பார்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சங்க காலத்தில் அரசனுக்குக் காவல் மரம் என்று ஒன்று இருந்தது. அதன் கிளையை எதிரி ஒடித்தாலே தோல்வி. நன்னன் என்ற குறுநில மன்னனுக்கு மாமரம் காவல் மரம். அதிலிருந்து ஆற்றில் விழுந்து மிதந்துவந்த பசுங்காயை, குளிக்கப் போன ஒரு பெண் எடுத்துத் தின்றுவிட்டாள். அதற்குத் தண்டனை கொலை. அவளுக்கு ஈடாக எண்பத்தொரு யானையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்று சொல்லியும் அவன் கேட்கவில்லை. ‘பெண்கொலை புரிந்த நன்னன்’ என்று குறுந்தொகையில் பரணர் அவனைத் திட்டித் தீர்க்கிறார். பரணருக்கு மரத்தின் மேல் மரியாதை இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு காயையும் ஒரு பெண்ணையும் எதிரெதிரே வைத்தபோது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

சரி, புளியமரத்துக்கு வருகிறேன்.

உங்கள் கணவர் சொல்லும் அந்த ‘அறிவியல் காரணம்’ என்ன என்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் வருடம் முழுக்கச் சுற்றுகிறது: புளியமரம் ராத்திரியில் கரியமில வாயுவை விடும், அடியில் தூங்கினால் மூச்சு முட்டும், அதைத்தான் பெரியவர்கள் பேய் அமுக்குகிறது என்று பூடகமாகச் சொன்னார்கள். ராத்திரியில் கரியமில வாயு விடாத மரமே கிடையாது. வேம்பும் விடும், மாவும் விடும், அரசும் விடும், துளசியும் விடும். திறந்த வெளியில் அது உடனுக்குடன் காற்றில் கரைந்து போய்விடும். கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு இரண்டு பேர் ஏசி போட்டுத் தூங்கும் அறையில் சேரும் கரியமில வாயு, மரத்தடியில் இருப்பதைவிட அதிகம். அரசமரம் ராத்திரியிலும் ஆக்ஸிஜன் தரும் என்பதும் இதே கடைச் சரக்குதான். வெளிச்சம் இருந்தால்தான் இலையிலிருந்து ஆக்ஸிஜன் வரும். கள்ளி, கற்றாழை வகைகள் ராத்திரியில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்வது உண்மை. அவையும் ஆக்ஸிஜனை விடுவது பகலில்தான்.

எனக்குப் பேய்க் கதையின் மேல் கோபம் இல்லை. கதை கதையாக இருக்கும்வரை சுவையானது. அதற்கு வெள்ளைக் கோட்டு மாட்டி ஆய்வகத்தில் நிறுத்துகிறார்களே, அதுதான் சங்கடம். பேயை நம்பாத படித்த பிள்ளைகூட அந்த வாயுவை நம்பிவிடுகிறது. நாகலிங்க மரத்துக்கும் இப்படி ஒரு புராதனம் கட்டிவிட்டார்கள். அந்த மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் சிவன் கோயில்களுக்கு அது புது விருந்தாளி.

அப்படியானால் புளியமரத்தில் பேய் எப்படி ஏறியது? என் ஊகத்தைச் சொல்கிறேன். பழைய புளியமரத்தில் பொந்து விழும். பொந்தில் புள்ளி ஆந்தை குடியிருக்கும். மைனா அளவுதான் இருக்கும், ஆனால் அந்தி சாய்ந்ததும் ஜோடி சேர்ந்து அது போடும் கிறீச்சலைக் கேட்டால் விவரம் தெரியாதவனுக்கு வயிறு கலங்கும். அடர்ந்த நிழல், அடியில் புல்பூண்டு சரியாக முளைக்காது, உதிர்ந்த சருகுக்குள் தேளும் பாம்பும் ஒதுங்கும். பொழுது சாய்ந்தால் இலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்பிக்கொள்ளும். காலையில் பார்த்த மரம் ராத்திரியில் வேறு மாதிரி தெரியும். கிளையோ இரும்பு. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் கட்டபொம்மனை வெள்ளைக்காரன் தூக்கிலிட்டது புளியமரத்தில்தான். சாலையோரமெல்லாம் வரிசையாக நின்ற மரம், ஊரில் நடந்த கெட்டது பலவற்றுக்கும் அதுதான் சாட்சி. பேய் வேறு எங்கே போகும்?

அதே மரத்தைத் தூத்துக்குடி மாவட்டம் ஆழ்வார்திருநகரியில் போய்ப் பாருங்கள். நம்மாழ்வார் அமர்ந்திருந்தது புளியமரத்தடியில். அதை உறங்காப்புளி என்கிறார்கள். மற்றப் புளிகளைப் போல் அதன் இலை ராத்திரியில் கூம்பாது என்பது நம்பிக்கை. ஆதிசேஷனின் அம்சம் என்று அந்த மரத்தை வலம் வருகிறார்கள். குவாலியரில், அக்பர் அவைப் பாடகர் தான்சேன் சமாதிக்குப் பக்கத்தில் நிற்கும் புளியமரத்தின் இலையை மென்றால் குரல் இனிக்கும் என்று பாடகர்கள் தேடிப் போவார்கள். ஒரே மரம்தான்; இங்கே பேய், அங்கே பெருமாள், இன்னோர் ஊரில் சங்கீதம். வாஸ்துக்காரருக்கு அந்த ஊர்களில் என்ன பதில் என்று தெரியவில்லை.

ஆகவே மரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். படத்தில் தெரிந்தவரை உங்கள் மரம் திடமாக இருக்கிறது. வீட்டுச் சுவருக்கும் அதற்கும் நல்ல இடைவெளியும் இருக்கிறது. ஆனாலும் நேரில் பார்க்க வேண்டியவை சில உண்டு. அடிமரத்தைச் சுற்றிக் காளான் பூத்திருக்கிறதா? மரச்சுத்தியலால் தட்டினால் எங்காவது கூடு மாதிரி ஓசை வருகிறதா? மேலே இலையே இல்லாமல் காய்ந்த கிளை எத்தனை, அவற்றில் எது கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது? மரம் சமீபத்தில் சாய ஆரம்பித்ததா, அல்லது சின்னதிலிருந்தே அப்படியா? சமீபத்தில் சாய்ந்தது என்றால் மட்டும் தாமதிக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். மற்றபடி காய்ந்த கிளையை எடுத்து, கூரைப் பக்கம் பாரத்தைக் குறைத்தால் போதும். மாசி, பங்குனியில் காய் உலுக்கி முடித்த கையோடு சித்திரையில் கிளை கழிக்கலாம். பொந்தில் ஆந்தை குஞ்சு வைத்திருந்தால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். ஆந்தைகளுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. எலிக்கு அதைவிட நல்ல காவல்காரனும் கிடைக்காது. அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் திண்ணை கட்டும் ஆசை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். நன்றாகக் காய்க்கும் முற்றிய மரம் வருடத்துக்கு 150 கிலோவுக்குமேல் காய் கொடுக்கும். வெட்டினால் ஒருமுறை விறகுக் காசு, அவ்வளவுதான்.

மரத்தடியில் கட்டில் போட்டுத் தூங்கலாமா என்றால், பகலில் தாராளமாக. ராத்திரியில் வேண்டாம் என்பேன். காரணம் சருகுக்குள் இருக்கும் ஜீவன்களும் தலைக்கு மேலிருக்கும் காய்ந்த கிளையும்.

பேயே இருந்தாலும்கூட மரத்தை வெட்டுவதுதான் பரிகாரம் என்று யார் சொன்னது? 6ஆம் நூற்றாண்டுச் சோதிட அறிஞர் வராகமிகிரர், மரத்தை வெட்டப் போகிறவன் முதல்நாள் அங்கே போய்ப் பூசை செய்து, இந்த மரத்தில் குடியிருக்கிறவர்களே, தயவுசெய்து வேறிடம் போய்விடுங்கள் என்று வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். மாமியாருக்கு மனம் ஆறவில்லை என்றால் அந்தப் பூசையை மட்டும் செய்யுங்கள். ஒரு சூடம், ஒரு தேங்காய். மரம் நிற்கட்டும்.

முருங்கை விஷயத்தில் மட்டும் நான் மாமியார் பக்கம். அவர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. வேதாளம் முருங்கைமரம் ஏறியது தமிழில்தான்; வடமொழிக் கதையில் அது தொங்கியது சிம்சபா என்ற வேறொரு மரத்தில். நம் ஆட்கள் வேண்டுமென்றே வாசல் மரமாகப் பார்த்து மாற்றினார்களோ என்னவோ! ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் முருங்கையின் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தாக அப்பிக்கொள்ளும். சுவரேறி, கொடியில் காயும் துணியேறி, அந்த ரோமம் பட்ட இடமெல்லாம் தடித்து அரிக்கும். வாசலில் இது நடந்தால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தொந்தரவு. கிளையும் பஞ்சு மாதிரி. பையன் ஏறினால் முறியும், காற்றடித்தால் மின்கம்பியில் விழும். உங்கள் படத்தில் வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் கிளைக்குள் புகுந்துதான் வருகிறது. எனக்குப் பேயைவிட அந்த ஒயர்தான் பயமாக இருக்கிறது.

அதற்காக முருங்கையே வேண்டாம் என்று விட்டுவிட முடியுமா! கட்டைவிரலைவிடப் பருமனான கிளையில் மூன்றடி, நாலடிக்குப் போத்து வெட்டி, புழக்கடையின் வெயில்படும் மூலையில் நட்டுவிடுங்கள். ஆனி முதல் ஐப்பசி வரை நட ஏற்ற காலம். அது துளிர்த்து நிலைத்தபின் வாசல் மரத்தை எடுங்கள். ஒயரில் பட்டுக்கொண்டிருக்கும் கிளையை மட்டும் இப்போதே எடுத்தாக வேண்டும். மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகு ஆளை ஏற்றுங்கள். விதை முருங்கைதான் வேண்டுமென்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் கொடுத்த பிகேஎம்-1 ரகம் இருக்கிறது. எதை வைத்தாலும் வருடம் ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்கும், கம்பளிப்பூச்சியையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிடலாம். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதில் தோட்டக்காரன் மறுக்க ஒன்றுமில்லை. அந்தப் பழமொழியின் பிள்ளையை அடிப்பது பற்றிய மறுபாதியை நான் ஏற்பதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வாசல் படத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் பூவோடு ஒரு செடி ஆளுயரத்துக்கு நிற்கிறது, பொன்னரளி. அதற்குக் கீழே ஒரு சின்னப் பையன் உட்கார்ந்து விளையாடுகிறான். உங்கள் இளையவன் என்று நினைக்கிறேன். அந்தச் செடியைப் பற்றி வாஸ்துக்காரரும் வாய் திறக்கவில்லை, மாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. பூசைக்குப் பூ கொடுக்கிற செடியாயிற்றே. ஆனால் உங்கள் வீட்டைச் சுற்றி இருப்பதில் உண்மையிலேயே ஆளை அடிக்கக்கூடியது அது ஒன்றுதான். இலை, பால், வேர் எல்லாம் விஷம்; காய்க்குள் இருக்கும் பருப்பு மிக மோசம், நேரே இதயத் துடிப்பில் கை வைக்கும். செவ்வரளியும் இதே ரகம்தான். 2024 மே மாதம் கேரளத்தில் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது இதனால்தான்.

பையன் வளரும்வரை அந்தச் செடி வாசலில் வேண்டாம். வேரோடு எடுத்துக் குழி தோண்டிப் புதையுங்கள். எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது. ஆடு மாடு வாய்வைக்கும் இடத்தில் கிளையைப் போட்டுவிட்டு வராதீர்கள். அந்த இடத்தில் செம்பருத்தியோ நந்தியாவட்டையோ வைத்தால் மாமியாருக்குப் பூசைப் பூவுக்குக் குறைவில்லை. அதுவரை கீழே விழுந்த காய்களைத் தினமும் காலையில் பொறுக்கிவிடுங்கள். பையன் எதையாவது கடித்தான் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்கிறேன், மோர் கொடுக்கிறேன் என்று வீட்டில் நேரத்தைக் கடத்தாமல் 108ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கடித்த காயோ இலையோ கிடைத்தால் ஒரு காகிதத்தில் மடித்துக் கூடவே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.